கட்டாரில் கட்டாமல் வந்த கடன் கிளிநொச்சியில் தெரியுமா?

கேள்வி: எனக்கு 41 வயது. பரந்தனுக்கு அருகே இருக்கிறேன். 2016 இல் கட்டாருக்குப் போய் ஒரு கம்பனியில் கனரக வாகனச் சாரதியாக வேலை செய்தேன். இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த ஐந்தரை இலட்சத்தோடு தொடங்கிய வீடு கூரை போடாமல் நின்றதால், 2018 இல் அங்குள்ள வங்கி ஒன்றில் 60,000 ரியால் கடன் எடுத்தேன். மாதம் 1,400 ரியால் வீதம் 48 மாதத்தில் கட்டி முடிக்க வேண்டும். 21 தவணை ஒழுங்காகக் கட்டினேன். 2020 இல் கொரோனா காலத்தில் கம்பனி எங்களை நிறுத்தி விமானச் சீட்டு மட்டும் தந்து அனுப்பியது. வங்கிக்கு ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். கடன் எடுக்கும்போது தொகை எழுதாத காசோலை ஒன்றில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். இப்போது வயல் வேலைக்கு இரண்டு சில்லு உழவு இயந்திரம் வாங்க இங்குள்ள வங்கியில் கடன் கேட்டபோது, முகாமையாளர் "கிரிப் பார்க்க வேண்டும்" என்றார். அதோடு விண்ணப்பத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். போன மாதம் முதல் ஒருவர் வட்ஸ்அப்பில் பேசி, தான் வங்கியின் சட்டத்தரணி என்றும், 78,000 ரியால் கட்ட வேண்டும் என்றும், உடனே ஒரு தொகை போடாவிட்டால் இன்டர்போல் மூலம் பிடிப்போம், காணியை எடுப்போம் என்றும் சொல்கிறார். என் தம்பி அடுத்த மாதம் கட்டாருக்குப் போகிறான். அவனைப் பிடிப்பார்களா என்று அம்மா அழுகிறார். நானும் டுபாய்க்குப் போகலாமா என்று யோசிக்கிறேன். வேறு கடன் எனக்கு இல்லை. 2015 இல் மைத்துனரின் ஓட்டோ லீசிங்குக்குப் பிணை நின்றேன். அது முடிந்துவிட்டது என்கிறார். எனக்கு இங்கே கடன் கிடைக்குமா?

பதில்:

அன்புடையீர், தாங்கள் கேட்ட முதற் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். கட்டார் வங்கியில் நின்றுபோன அந்தக் கடன், இங்குள்ள முகாமையாளர் எடுத்துப் பார்க்கும் கிரிப் அறிக்கையில் இருக்காது. தாங்கள் விண்ணப்பத்தைத் திருப்பி எடுத்து வந்திருக்கத் தேவையில்லை. ஆனால் தங்கள் கடிதத்தின் கடைசியில், ஒரு பொருட்டாகவே கருதாமல் எழுதியிருக்கும் ஓட்டோப் பிணை அதில் இருக்கக்கூடும். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் கடன் பிரிவில் இருந்த ஆண்டுகளில் நான் அடிக்கடி கண்ட காட்சி இது. கடல் கடந்த கடனை நினைத்து வியர்த்துக்கொண்டு வருபவரின் அறிக்கையைத் திறந்தால், அவரைத் தடுத்து நிற்பது பக்கத்து வீதியில் எவருக்கோ போட்டுக் கொடுத்த கையெழுத்தாக இருக்கும்.

கிரிப் என்று நாம் சொல்வது இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்தை. 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அது உருவானது. தெற்காசியாவில் இவ்வகையில் முதலாவது. மத்திய வங்கியும் நாட்டில் கடன் கொடுக்கும் நிறுவனங்களும் அதன் பங்குதாரர்கள். உரிமம் பெற்ற வங்கிகளும், நிதிக் கம்பனிகளும், லீசிங் நிறுவனங்களும் தங்களிடம் கடன் எடுத்தவர், பிணை நின்றவர், கட்டிய ஒழுங்கு, நிலுவை ஆகிய விவரங்களை அதற்கு அனுப்புகின்றன. புதிதாக ஒருவருக்குக் கடன் கொடுக்கும்போது அதே விவரங்களை அதனிடமிருந்து கேட்டுப் பெறுகின்றன. இந்த வட்டத்துக்குள் இருப்பவை இலங்கை நிறுவனங்கள் மட்டுமே. டோகாவில் இருக்கும் வங்கி இதன் உறுப்பினர் அல்லாததால், அது இங்கே எதையும் எழுதுவதற்கும் இல்லை, எதையும் பார்ப்பதற்கும் இல்லை. இன்னொரு தவறான எண்ணத்தையும் இவ்விடத்திலேயே விலக்கிவிடலாம். "கிரிப்பில் பெயர் விழுந்துவிட்டது" என்று நம் ஊரில் சொல்வதைக் கேட்டால் அது ஏதோ குற்றவாளிகளின் பட்டியல் போலத் தோன்றும். உண்மையில் ஒழுங்காகக் கட்டியவரின் பெயரும் அதில் இருக்கிறது. ஒழுங்காகக் கட்டியதும் எழுதப்பட்டிருக்கிறது. கடன் கொடுப்பதா இல்லையா என்பதைக் கிரிப் தீர்மானிப்பதும் இல்லை. அறிக்கையை வாசித்துத் தீர்மானிப்பவர் வங்கி அலுவலரே.

கட்டாரில் தங்கள் பெயர் இருக்கும் இடம் வேறு. அங்கே கட்டார் கடன் பணியகம் என்று ஒன்று 2011 முதல் இயங்குகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் அல் எதிஹாத் கடன் பணியகமும், சவூதியில் சிமா என்னும் நிறுவனமும் அதே வேலையைச் செய்கின்றன. ஒவ்வொன்றும் தன் நாட்டு வங்கிகளுக்காகவே ஏடு வைத்திருக்கிறது. உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரே கடன் ஏடு என்று எதுவும் கிடையாது. இதனால் வரும் நன்மை தீமை இரண்டும் நம்மவர்களுக்குத் தெரிந்தவைதான்: இங்கே இருபது வருடம் ஒரு தவணையும் தவறாமல் கட்டியவர் கனடாவுக்குப் போய் இறங்கியதும், கடன் வரலாறே இல்லாத புது மனிதராகத் தொடங்குகிறார். நல்ல பெயர் கடல் தாண்டாதது போலவே கெட்ட பெயரும் தானாகத் தாண்டுவதில்லை.

தானாக என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சில வங்கிகள் வளைகுடாவிலும் கொழும்பிலும் ஒரே பெயரில் இயங்குகின்றன. தாங்கள் கடன் எடுத்தது அத்தகைய வங்கியானால், அதன் இலங்கைக் கிளையில் கணக்குத் திறக்கவோ கடன் கேட்கவோ போகும்போது தங்கள் பழைய விவரம் அவர்களின் உள் ஏடுகளில் எழுந்து வரலாம். இலங்கைக் கடவுச்சீட்டின் விவரப் பக்கத்தில் அடையாள அட்டை இலக்கமும் அச்சிடப்பட்டிருப்பதால், கடவுச்சீட்டைக் கொடுத்து எடுத்த கடனையும் இங்குள்ள தங்களையும் பொருத்திப் பார்ப்பது அவர்களுக்குக் கடினமன்று. வங்கியின் பெயரைத் தாங்கள் எழுதவில்லை. கட்டாருக்கு மட்டும் உரிய வங்கி என்றால் இந்தப் பந்தியைத் தாங்கள் மறந்துவிடலாம்.

மறக்கக் கூடாதது கடன் விண்ணப்பப் படிவத்தில் இருக்கும் ஒரு வரி. "வேறு நிறுவனங்களுக்குச் செலுத்த வேண்டிய கடன்கள்" என்ற பொருளில் ஏறத்தாழ எல்லா வங்கிகளின் படிவத்திலும் ஓர் இடம் உண்டு. அதன் கீழே, மேற்கூறியவை யாவும் உண்மை என்று தாங்கள் கையெழுத்திடுகிறீர்கள். கிரிப்பில் தெரியாதுதானே என்று அந்த இடத்தில் கோடு போட்டுவிடுமாறு சிலர் ஆலோசனை சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். கிரிப்பில் இல்லாத கடன் ஒரு பிரச்சினையே அல்ல என்ற நிலையில் இருக்கும் தாங்கள், பொய்யான கூற்றில் கையெழுத்திட்டு அதை உண்மையான பிரச்சினையாக மாற்றிக்கொள்ள வேண்டாம். பின்னாளில் அது வெளியே வந்தால், முழுக் கடனையும் உடனே திருப்பிக் கேட்கும் உரிமை பெரும்பாலும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கும். மேலும், 2020 இல் வேலை இழந்து வந்தேன், 21 தவணை கட்டினேன், மிச்சத்தைத் தீர்ப்பதற்குப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று எழுத்தில் சொல்பவரை, கொரோனா காலத்தைக் கண்ட எந்த அலுவலரும் புரிந்துகொள்வார். அவர் கணக்குப் பார்ப்பது அந்தக் கடனுக்கு மாதம் எவ்வளவு போகும், அது போக உழவு இயந்திரத்துக்குத் தவணை கட்ட வயலில் மிச்சம் வருமா என்பதைத்தான்.

இனி ஓட்டோ. பிணை நிற்பது என்பது நம் ஊரில் உறவின் பெயரால் செய்யப்படும் காரியம்; மறுத்தால் கலியாண வீட்டுக்குக்கூடக் கூப்பிடமாட்டார்கள். ஆனால் சட்டத்தின் கண்ணில், மைத்துனர் கட்டாத தவணை தாங்கள் கட்டாத தவணையே. லீசிங் நிறுவனம் தன் தகவலை அனுப்பும்போது பிணையாளர் என்ற தலைப்பின் கீழ் தங்கள் அடையாள அட்டை இலக்கமும் போகிறது. "முடிந்துவிட்டது" என்று மைத்துனர் சொல்வதற்குப் பல பொருள் இருக்கலாம். கடைசித் தவணை வரை கட்டி, வாகனப் பதிவுப் புத்தகத்தில் இருந்த நிறுவனத்தின் முழு உரிமையை நீக்கி எடுத்தார் என்றால் உண்மையாகவே முடிந்துவிட்டது. சில தவணை தவறியதால் நிறுவனம் ஓட்டோவைத் தூக்கிக்கொண்டு போய் விற்றது என்றால், அவருடைய மனத்தில்தான் அது முடிந்திருக்கிறது. விற்ற காசு நிலுவைக்குப் போதாமல் மிச்சம் நின்றிருந்தால், அந்த மிச்சத்துக்குத் தாங்கள் இன்றுவரை பிணையாளர். 2015 க்குப் பின் வந்த ஆண்டுகளில் வன்னியில் எத்தனை ஓட்டோக்கள் இப்படிப் போயின என்பதைத் தாங்களே அறிவீர்கள். ஆகவே வங்கிக்குப் போவதற்கு முன்னர் தாங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, தங்களுடைய கிரிப் அறிக்கையைத் தாங்களே எடுத்துப் பார்ப்பது. அதற்கு எவருடைய சிபாரிசும் வேண்டாம். ஒரு சிறு கட்டணம் செலுத்தி, வங்கிக் கிளை ஊடாகவோ பணியகத்தின் இணையவழியிலோ எவரும் தம் அறிக்கையைப் பெறலாம். தங்களிடம் பழைய, ஆங்கில எழுத்தில் முடியும் அடையாள அட்டை இலக்கமும், பிறகு மாற்றிய 12 இலக்க எண்ணும் இருந்தால் இரண்டையும் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். 2015 இல் போட்ட பிணை பழைய இலக்கத்தில்தான் கிடக்கும்.

அறிக்கையில் ஓட்டோ நிலுவை இருந்தால் பணியகத்தோடு வாதாடிப் பயனில்லை. எழுதியது லீசிங் நிறுவனம். திருத்த வேண்டியதும் அதுவே. கட்டி முடித்த பற்றுச்சீட்டுகளை வைத்துக்கொண்டு அந்நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். அவர்கள் அசைந்து கொடுக்காவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறைப்பாடு செய்யலாம். மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் ஒன்று கிளிநொச்சியிலேயே இருப்பதால், முறைப்பாட்டை எப்படி எழுதுவது என்று கேட்பதற்குக் கொழும்புக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. நிலுவை உண்மையாகவே இருந்தால், மைத்துனரை அழைத்துக்கொண்டு போய் ஒரு தொகைக்குப் பேசி முடித்து, முடித்த கடிதத்தை வாங்குங்கள். கட்டார்க் கடனைவிட இதுவே தங்கள் உழவு இயந்திரத்துக்கு அருகில் நிற்கும் தடை.

வட்ஸ்அப் சட்டத்தரணிக்கு வருகிறேன். அவர் உண்மையில் வங்கியின் ஆளாக இருக்கலாம். வங்கிகள் கடன் அறவிடும் முகவர்களை நியமிப்பது வழக்கம். வெளியே கசிந்த ஒரு பெயர்ப் பட்டியலை வைத்துப் பிழைக்கும் மோசடிக்காரராகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய வழி ஒன்றுதான்: எழுத்தில் கேளுங்கள். வங்கியின் கடிதத் தலைப்பில் கணக்குக் கூற்று, தன்னை நியமித்த அதிகாரக் கடிதம், பணம் செலுத்த வேண்டிய வங்கிக் கணக்கு எவருடைய பெயரில் இருக்கிறது என்ற விவரம் ஆகியவை இல்லாமல் ஒரு ரூபாவும் அனுப்ப வேண்டாம். அடையாள அட்டையின் படத்தையும் அனுப்ப வேண்டாம். அவர் சொல்லும் 78,000 ரியாலையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. தாங்கள் தந்த கணக்கின்படி 21 தவணைக்குப் பின் முதலில் நின்றிருக்கக்கூடியது ஏறத்தாழ 35,000 ரியால். இத்தனை வருட வட்டியும் தண்டமும் அதன்மேல் ஏறியிருக்கும் என்பது உண்மையே. ஆனால் எந்த வீதத்தில், எந்தத் திகதியிலிருந்து ஏற்றினார்கள் என்று கேட்கும் உரிமை தங்களுக்கு உண்டு.

அதற்குள் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. கட்டாரின் 2004 ஆம் ஆண்டுத் தொழிற் சட்டப்படி, ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு விலகும்போது வருடத்துக்குக் குறைந்தது மூன்று வார அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாகச் சேர வேண்டும். தங்கள் அடிப்படைச் சம்பளம் 2,500 ரியால் என்று வைத்துக்கொண்டால், நான்கு வருடத்துக்கு அது 7,000 ரியால் அளவில் வரும். விமானச் சீட்டு மட்டும் தந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சம்பளத்தை வங்கிக்கு ஒப்படைத்து எடுக்கும் கடன்களில், பணிக்கொடையையும் கம்பனி அதே வங்கிக் கணக்குக்கே அனுப்பும் ஏற்பாடு வழக்கமானது. அப்படி வந்ததை வங்கி கடனில் கழித்திருக்கலாம். கழித்திருந்தால் அது கூற்றில் தெரிய வேண்டும். கம்பனி கொடுக்கவே இல்லை என்றால் அது வேறு வழக்கு. ஆயினும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இன்டர்போல் என்ற சொல் பயமுறுத்துவதற்காகவே பயன்படுத்தப்படுகிறது. தனிப்பட்டவர்களுக்கிடையிலான பிணக்குகளிலிருந்து எழும் குற்றச்சாட்டுகளுக்குச் சிவப்பு அறிவித்தல் விடுப்பதை அந்த அமைப்பின் சொந்த விதிகளே விலக்கிவைக்கின்றன. கட்டாமல் நின்ற ஒரு தனிநபர் கடனுக்காகப் பரந்தனில் வந்து எவரும் தங்களைப் பிடிக்கப் போவதில்லை.

வழக்கு என்பது வேறு. கட்டாரில் ஒரு நீதிமன்றம் தங்களுக்கு எதிராகத் தீர்ப்புக் கொடுத்தாலும், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வந்து கிளிநொச்சியில் ஒரு மாட்டைக்கூட அவிழ்த்துக்கொண்டு போக முடியாது. இங்குள்ள நீதிமன்றம் ஒன்றின் கட்டளை வேண்டும். வெளிநாட்டுத் தீர்ப்புகளை இங்கே பதிந்து நிறைவேற்ற 1921 இல் வந்த கட்டளைச் சட்டம் பிரித்தானியாவையும் அதன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டிருந்தது. 2024 இல் இதற்கெனப் புதிய சட்டம் ஒன்று வந்திருப்பதால், கட்டார் அதில் சேர்கிறதா என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துக் கலங்குபவர்கள் பலர் இருப்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2020 ஜனவரியில் இந்திய அரசு ஐக்கிய அரபு அமீரகத்தைத் தன் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ்ப் பரிமாற்ற நாடாக அறிவித்தது. அன்று முதல் அமீரக நீதிமன்றத் தீர்ப்பை இந்திய மாவட்ட நீதிமன்றத்தில் நேரடியாக நிறைவேற்றக் கேட்கலாம். அந்தச் செய்தி இந்தியாவில் வாழ்பவருக்கு உரியது. மொழி ஒன்றாக இருப்பதால் சட்டமும் ஒன்றாகிவிடாது. கட்டார் அந்தப் புதிய சட்டத்தில் சேராவிட்டால், தங்கள் விடயத்தில் கட்டார் வங்கி இங்கே ஒரு சட்டத்தரணியை நியமித்து மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டும். 35,000 ரியாலுக்கு அந்தச் செலவைச் செய்வது அவர்களுக்குக் கட்டுபடியாகுமா என்பது அவர்கள் யோசிக்க வேண்டியது. எழுத்து ஒப்பந்தத்தின் மேல் வழக்குத் தொடுக்க நமது 1871 ஆம் ஆண்டுக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் ஆறு ஆண்டு அவகாசம் தருகிறது. அதை நாட்காட்டியில் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். அதற்கு விதிவிலக்குகள் உண்டு. கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திடுவதும், பகுதி பணம் செலுத்துவதும் அந்தக் காலத்தைப் புதிதாகத் தொடங்கவைக்கலாம். வட்ஸ்அப்காரர் "உடனே ஒரு தொகை போடுங்கள்" என்று அவசரப்படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எதையும் ஒப்புக்கொண்டு எழுதுவதற்கு முன்னர் கிளிநொச்சி நீதிமன்றத்தில் தொழில் செய்யும் சட்டத்தரணி ஒருவரிடம் ஒருமுறை ஒப்பந்தத்தைக் காட்டிவிடுங்கள்.

காணியைப் பற்றிய பயத்துக்கு விடை, தங்களிடம் இருப்பது எந்தக் காணி என்பதைப் பொறுத்தது. வன்னியில் குடியேற்றத் திட்டங்களில் கிடைத்த காணிகளிற் பெரும்பாலானவை 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பேர்மிட் காணிகள். அச்சட்டப்படி வழங்கிய காணியை எந்த நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காகவும் கைப்பற்றவோ விற்கவோ முடியாது. பேர்மிட்டை வைத்துக் கடன் கேட்டு வங்கி வங்கியாக ஏறி இறங்கி, இந்தத் துண்டுத் தாளால் என்ன பயன் என்று சலித்துக்கொண்டவர்கள், அதே தாள் தங்கள் தலைக்கு மேல் ஒரு கூரையாகவும் நிற்கிறது என்பதை அறிவது நல்லது. உறுதிக் காணியானால் இந்தப் பாதுகாப்பு இல்லை. அப்போதும் மேலே சொன்ன வழக்கு, தீர்ப்பு எல்லாம் நடந்த பிறகே அந்தப் பேச்சு. தாங்கள் அதை அந்த வங்கிக்கு ஈடு எழுதிக் கொடுக்கவில்லை.

தம்பியைப் பற்றி அம்மா அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். கடன் எடுத்தவரும் அதற்குப் பிணை நின்றவருமே பொறுப்பாளிகள். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளை என்பதற்காகத் தம்பியைக் கேட்க முடியாது. தாங்கள் டுபாய்க்குப் போவதுதான் கவலைக்குரியது. தொகை எழுதாமல் கையெழுத்திட்ட அந்தக் காசோலையில் வங்கி தொகையை நிரப்பிப் போட்டு, அது பணமில்லாமல் திரும்பியிருந்தால், கட்டாரின் 2004 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைப்படி அது குற்றம். மூன்று மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை விதிக்க அதில் இடம் இருக்கிறது. அமீரகம் 2022 ஜனவரி முதல், கணக்கில் பணமில்லாமல் காசோலை திரும்புவதைப் பெரும்பாலும் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கி நேரடி அறவீட்டு விடயமாக்கியது. கட்டார்க் காசோலைக்கு அந்தச் சலுகை சேராது. கட்டாருக்கு மீண்டும் போனால் விமான நிலையத்திலேயே தடுத்து நிறுத்தப்படும் ஆபத்து உண்டு. டுபாயைப் பொறுத்தவரை, வளைகுடாக் கூட்டுறவு நாடுகள் ஒன்றின் நீதிமன்றத் தீர்ப்பை மற்றொன்று நிறைவேற்றுவதற்கு 1996 இல் உடன்படிக்கை செய்துகொண்டுள்ளன. ஆகவே கட்டாரில் தீர்ப்பு இருந்தால் இங்கே தங்களை அணுகாத அந்தக் கடன் அங்கே தங்களை அணுக வழி இருக்கிறது. முகவருக்குக் காசு கட்டி, அதற்காக நகையை அடகு வைத்து, பிறகு அங்கே போய் நின்று அறிந்துகொள்வதைவிட, முதலே அறிந்துகொள்வது மலிவு.

அறிவதற்கு வழி, கட்டாரில் உள்ள நம்பிக்கையான ஒருவருக்கோ சட்டத்தரணிக்கோ அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்புவது. தங்கள் பெயரில் பொலிஸ் முறைப்பாடோ, வழக்கோ, பயணத் தடையோ இருக்கிறதா என்று அவர் விசாரிக்கலாம், வங்கியோடும் பேசலாம். அந்தப் பத்திரத்தை வெளிவிவகார அமைச்சு உறுதிப்படுத்த வேண்டும். யாழ்ப்பாணத்தில் உள்ள பிராந்திய கொன்சியூலர் அலுவலகத்தில் அதற்கான வசதி இருக்கிறது. பின்னர் கொழும்பில் உள்ள கட்டார் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும். தம்பி போவதானால் அவரே இந்த வேலைக்குப் பொருத்தமானவராக இருக்கலாம். அவருடைய கையொப்பம் தங்களுக்காகப் பேசுவதற்கு மட்டுமே. கடனைத் தான் ஏற்பதாக எந்தத் தாளிலும் அவர் எழுதிவிடக் கூடாது என்பதை மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

பழைய நிலுவைகளில் வங்கிகள் வட்டியிலும் தண்டத்திலும் விட்டுக்கொடுத்து, மூலத்தை ஒட்டிய ஒரு தொகைக்கு இணங்குவது உண்டு; முழுத்தொகையாகக் கட்டுபவருக்கு இன்னும் இறங்கி வருவார்கள். இணக்கம் எழுத்தில் வந்த பிறகே பணம். பணத்தோடு சேர்த்து மூன்று தாள்கள் கைக்கு வர வேண்டும்: கடன் தீர்ந்ததாக வங்கியின் கடிதம், தாங்கள் கையெழுத்திட்ட அந்தக் காசோலை, முறைப்பாடு இருந்தால் அதை மீளப் பெற்றதற்கான சான்று. உண்டியலில் அனுப்ப வேண்டாம். உண்டியல் நம்மிடம் எவ்வளவு நம்பிக்கையாக நடந்தாலும், கட்டார் வங்கிக்குக் காட்டுவதற்கு அது ஒரு பற்றுச்சீட்டைத் தராது. இன்னொன்று, இதைத் தீர்ப்பதற்காக இங்கே மாத வட்டிக்கோ நுண்கடன் நிறுவனங்களிலோ வாங்க வேண்டாம். அங்குள்ள கடன் இங்கே தங்கள் கிரிப்பில் இல்லை. இங்கே உரிமம் பெற்ற நிறுவனத்தில் எடுத்துக் கட்டாமல் விடும் கடன் அதில் ஏறும். 2018 இல் வரட்சி மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடனை அரசே தள்ளுபடி செய்ய வேண்டி வந்ததை நாம் மறந்திருக்கமாட்டோம்.

ஆகவே இந்த வாரம் அடையாள அட்டையோடு போய்க் கிரிப் அறிக்கைக்கு விண்ணப்பியுங்கள். மைத்துனரிடம் லீசிங் நிறுவனத்தின் முடிவுக் கடிதத்தைக் கேளுங்கள். கடிதம் இல்லை என்றால் இருவரும் சேர்ந்து அந்தக் கிளைக்குப் போங்கள். அறிக்கை துப்புரவாக இருந்தால், அல்லது துப்புரவானதும், அதே முகாமையாளரிடம் திரும்பிப் போகலாம். போகும்போது கடந்த காலபோகமும் சிறுபோகமும் நெல் விற்ற பற்றுச்சீட்டுகள், கமநல சேவை நிலையத்தில் வயல் பதிந்த விவரம், உழவு இயந்திரத்தின் விலைக் கூற்று ஆகியவற்றோடு, கட்டார்க் கடனைப் பற்றி ஒரு பக்கத்தில் தாங்கள் எழுதிய கடிதமும் இருக்கட்டும். தவணையை மாதாமாதம் என்று வைக்காமல் அறுவடையோடு ஒட்டி வைக்க முடியுமா என்று கேளுங்கள். விவசாயக் கடன்களில் அதற்கு இடம் கொடுக்கும் வங்கிகள் உண்டு. பிணைக்கு அரச உத்தியோகத்தர் இருவரைக் கேட்பார்கள். அவர்களிடம் போய் நிற்கும்போது, தங்கள் மைத்துனர் தங்களிடம் சொல்லாமல் விட்டதைத் தாங்கள் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்: தவணை தவறினால் அது அவர்களுடைய அறிக்கையிலும் ஏறும்.